கம்பியைத் தள்ளும் விசை: அம்மன் காசிலிருந்து ஆழ்துளைக் கிணறு வரை

பிளஸ் டூ இயற்பியல் படிச்சவங்க காதில் இன்னும் ஒலிக்கிற ஒரு வரி இருக்கு: "எஃப் இஸ் ஈக்வல் டு பி ஐ எல் சைன் தீட்டா." காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால், அந்தக் கம்பி மேல் எவ்வளவு விசை விழும் என்பதற்கான சூத்திரம். பி என்பது காந்தப்புலம், ஐ மின்னோட்டம், எல் கம்பியின் நீளம், தீட்டா கம்பிக்கும் புலத்துக்கும் நடுவிலுள்ள கோணம். கொடுத்த எண்களைப் போட்டுப் பெருக்கினா மூணு மார்க். அத்தோட அதை மறந்துடுவோம்.

ஆனா அந்த நாலு எழுத்தும் ஒரே நாளில், ஒரே ஆள் எழுதி வச்சது இல்ல. ஒவ்வொண்ணுக்குப் பின்னாலும் ஒரு தகராறு இருக்கு, ஒரு தராசு இருக்கு. இந்த எபிசோடில் அந்தக் கதையைத்தான் பேசப் போறோம். கோபன்ஹேகன், பாரிஸ், லண்டன்னு போவோம். ஆனா எடைக்கல்லைப் புதுக்கோட்டையிலிருந்து எடுத்துக்கிட்டுப் போவோம். கடைசியில் புதுக்கோட்டைக்கே, ஒரு தோட்டத்துக் கிணத்தடிக்கே திரும்பி வருவோம்.

எடைக்கல்: ஒரு அம்மன் காசு

புதுக்கோட்டை சமஸ்தானத்தைத் தொண்டைமான்கள் ஆண்டாங்கன்னு நமக்குத் தெரியும். பிரிட்டிஷ் காலத்திலும் அவங்க சொந்தமாக ஒரு செப்புக் காசை வெளியிட்டாங்க. அதுதான் அம்மன் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. இருபது காசு சேர்ந்தால் ஒரு அணா. நவராத்திரி நாட்களில் அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்கு இந்தக் காசைக் கொடுப்பது அரண்மனை வழக்கம். பிற்காலத்தில் எந்திரத்தில் அச்சான காசு ரொம்பச் சின்னது. ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நம்ம கணக்குக்கு 1.2 கிராம்னு வச்சுக்குவோம்.

அம்மன் காசு செம்பு. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனா அது ஒட்டாது, அசையவும் செய்யாது. ஆனா அதே செம்பைக் கம்பியா இழுத்து, அதில் மின்னோட்டத்தை விட்டு, காந்தத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டா, கம்பி விலகும். செம்பு மாறவில்லை, காந்தமும் மாறவில்லை. அப்ப எது எதைத் தள்ளுது? 1820இல் ஐரோப்பா முழுக்க எழுந்த கேள்வி இதுதான்.

1820: ஊசி திரும்பியது

1820 வரை மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்பதுதான் பெரும்பாலானவர்களின் எண்ணம். அந்த வருஷம் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் மின்னோட்டம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஊசியை வைத்தார். ஊசி திரும்பியது. ஜூலை 21ஆம் தேதியிட்டு, லத்தீனில், நாலே பக்கத்தில் அதை எழுதி அறிஞர்களுக்கு அனுப்பினார்.

செப்டம்பர் தொடக்கத்தில் செய்தி பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே இருந்தவர்களில் ஒருவர் ஆந்த்ரே மரி ஆம்பியர். வயது 45. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அப்பாவைக் கில்லட்டினுக்குப் பறிகொடுத்தவர். பெரும்பாலும் கணிதத்தில் வேலை செய்தவர். அவர் உடனே அடுத்த படிக்குப் போனார். கம்பி காந்தத்தை அசைக்குதுன்னா, ஒரு கம்பி இன்னொரு கம்பியையும் அசைக்கணுமே? அந்த மாதம் முடியறதுக்குள்ளேயே செய்து காட்டினார். அருகருகே இருக்கும் இரண்டு கம்பிகளில் மின்னோட்டம் ஒரே திசையில் போனால் ஒன்றையொன்று இழுக்கும். எதிரெதிர்த் திசையில் போனால் தள்ளும். நடுவில் காந்தம்னு ஒண்ணே கிடையாது.

இங்கேதான் தகராறு. அதே பாரிஸில் பியோவும் சவாரும், கம்பி காந்த ஊசியை எவ்வளவு திருப்புதுன்னு அளந்து அக்டோபர் இறுதியில் வெளியிட்டார்கள். பியோவின் கட்சி: கம்பி தற்காலிகமாகக் காந்தமாகிவிடுகிறது, காந்தம்தான் அடிப்படை. ஆம்பியரின் கட்சி நேர் எதிர்: காந்தம் என்பதே உள்ளுக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் நுண்ணிய மின்னோட்டங்களின் கூட்டம்தான், மின்னோட்டம்தான் அடிப்படை. அணுவுக்குள் என்ன இருக்குன்னு யாருக்குமே தெரியாத காலம் அது. அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லத் துணிந்தார் ஆம்பியர்.

விசையை அளக்காமலே கணக்கிட்டவர்

ஆம்பியருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. இந்த விசை ரொம்பச் சின்னது. எவ்வளவு சின்னதுன்னு நம்ம காசை வச்சுப் பார்ப்போம். ஒரு மீட்டர் நீளக் கம்பிகள் இரண்டை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வச்சு, ஒவ்வொண்ணிலும் 10 ஆம்பியர் விட்டா, இழுப்பு 0.002 நியூட்டன். அதாவது 0.2 கிராம் எடை. அம்மன் காசில் ஆறில் ஒரு பங்கு. முழுக் காசையும் தூக்க, இரண்டு கம்பியிலும் கிட்டத்தட்ட 24 ஆம்பியர் வேணும். அன்றைய வோல்ட்டா மின்கலங்கள் கொஞ்ச நேரத்திலேயே பலம் குறையும். அதை வச்சு இவ்வளவு நுண்ணிய எடையைத் துல்லியமாக எப்படி நிறுப்பது?

ஆம்பியர் நிறுக்கவே இல்லை. சரிக்குச் சரி ஆக்கும் வழியைப் பிடித்தார். நடுவில் அசையக்கூடிய ஒரு கம்பி. அதன் மேல் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு விசைகள். கம்பி அசையாமல் நின்னா இரண்டும் சமம். தராசின் இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நின்றால் போதும், எடைக்கல்லே தேவையில்லை. மின்கலம் பலம் குறைந்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறையும், சமநிலை கெடாது. 

இந்தச் சோதனைகளில் ஒன்றைப் பாருங்க. ஒரு பக்கம் நேர் கம்பி. மறுபக்கம் அதே இரண்டு முனைகளுக்கு நடுவில் சின்னச் சின்னதாக நெளிந்து நெளிந்து போகும் கம்பி. செம்பு அதிகம் செலவான நெளிகம்பி ஜெயிக்கும்னு தோணும். ஆனா நடுக் கம்பி அசையவில்லை. நெளிவுகளில் முன்னே போன தள்ளும் பின்னே வந்த தள்ளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. நம்ம சூத்திரத்தில் 'எல்' ஏன் வெறும் கம்பி அளவு இல்லை, திசையோடு சேர்ந்த நீளம் என்பதற்கு விதை இதில் இருக்கு.

இப்படி நாலு சமநிலைச் சோதனைகளை வைத்து ஆம்பியர் தன் விதியை எழுதினார். 1820களின் நடுவில் வந்த அந்தப் பெரிய ஆய்வுரையைப் படித்துவிட்டுத்தான், பிற்காலத்தில் மாக்ஸ்வெல் அவரை மின்சாரத்தின் நியூட்டன் என்றார். 

ஒரு வேடிக்கை என்னன்னா, ஆம்பியர் எழுதிய விதி நம்ம பாடப்புத்தகத்தில் இருப்பது இல்ல. கம்பியின் இரண்டு சின்னத் துண்டுகளுக்கு நடுவிலான விசை, அவற்றை இணைக்கும் நேர்கோட்டிலேயே இருக்கணும்னு அவர் பிடிவாதமாக இருந்தார். 1845இல் ஹெர்மன் கிராஸ்மன் அந்தப் பிடிவாதத்தை விட்டுவிட்டு வேறொரு விதி எழுதினார். இன்று நாம் பயன்படுத்துவது அதன் வழி வந்தது. முழுச் சுற்றாக மூடிய மின்சுற்றுக்கு இரண்டு விதியும் ஒரே விடையைத்தான் தரும். தனியாக ஒரு கம்பித் துண்டில் மட்டும் நிலையான மின்னோட்டத்தை ஓட்ட முடியாது, போன மின்னோட்டம் திரும்பி வந்தாகணும். அதனால் அன்றைய சோதனை எதுவும் இரண்டில் எது சரின்னு தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

கணக்குத் தெரியாத ஃபாரடே

1821 செப்டம்பர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராக இருந்த மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர், ஆம்பியரின் கணிதம் அவருக்குப் படிக்க வராது. அவர் பார்த்தது வேறு. இழுப்பதும் தள்ளுவதும் இல்லை, சுற்றுவது! கிண்ணத்தில் பாதரசம், நடுவில் நிமிர்ந்து நிற்கும் காந்தம், மேலிருந்து தொங்கும் கம்பி. மின்னோட்டம் பாய்ந்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்சாரத்தால் ஓயாமல் சுழன்ற முதல் கருவி அதுதான். இன்றைய மோட்டாரின் கொள்ளுத்தாத்தா. 

பெயரோடு பழியும் வந்தது. வில்லியம் வொல்லாஸ்டன் ஏற்கெனவே பேசிவந்த யோசனையை எடுத்துக்கொண்டார் என்று லண்டனில் முணுமுணுத்தார்கள். அந்த வருத்தத்திலும் ஃபாரடே நிறுத்தவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாளில் இன்னொன்றைச் செய்தார். காந்தத்தையே எடுத்துவிட்டார். பூமியின் காந்தப்புலத்தில் மட்டும் கம்பியை அசைய வைத்து, மைத்துனன் ஜார்ஜ் பர்னார்டைக் கூப்பிட்டுக் காட்டினார். பூமியே ஒரு காந்தம் என்றால், பூமி மேலே உள்ள மின்னோட்டக் கம்பி ஒவ்வொன்றையும் அது தள்ளிக்கொண்டுதானே இருக்கணும்? ஆமாம், தள்ளிக்கொண்டுதான் இருக்கு.

ஃபாரடே காந்தத்தைச் சுற்றியுள்ள வெளியிலேயே விசைக்கோடுகளைப் பார்த்தார். கம்பி எங்கோ இருக்கும் இன்னொரு கம்பியால் தள்ளப்படவில்லை, தான் நிற்கும் இடத்தில் உள்ள புலத்தால் தள்ளப்படுகிறது என்பது அவர் பார்வை. அதைக் கணிதமாக்கினவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1873இல் வந்த அவருடைய பெருநூலில் அது முழு வடிவம் பெற்றது. சூத்திரத்தில் 'பி' என்ற எழுத்து நுழைந்த வழி இது. ஆம்பியருக்கு இரண்டு கம்பி வேணும். மாக்ஸ்வெல்லுக்கு ஒரு கம்பியும், அது இருக்கும் இடத்தின் புலமும் போதும். பள்ளியில் நாம் ஒரே வரியில் கணக்குப் போட முடிவது இந்த மாற்றத்தால்தான்.

கோணம்: திருமயமும் ஆலங்குடியும்

மிச்சம் இருப்பது தீட்டா. இதைப் புரிஞ்சுக்கப் புதுக்கோட்டையைவிட நல்ல இடம் கிடைக்கிறது கஷ்டம். ஏன்னா தென் தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி இருக்கு.

லண்டனில் காந்த ஊசியை மேலும் கீழும் ஆடும்படி விட்டால், அது மண்ணைப் பார்த்து நன்றாகச் சாய்ந்து நிற்கும். வடக்கே போகப் போக இந்தச் சாய்வு கூடும். காந்த நடுக்கோட்டில் சாய்வே இருக்காது. அந்தக் கோடு தென்னிந்தியா வழியாகப் போகிறது. 1830களின் இறுதியிலேயே சென்னை வான்கண்காணிப்பகத்தின் டி.ஜி. டெய்லரும் திருவனந்தபுரம் வான்கண்காணிப்பகத்தின் ஜான் கால்டெகாட்டும் தென்னிந்தியா முழுக்கச் சுற்றி இந்தச் சாய்வையும் புலத்தின் வலிமையையும் அளந்தார்கள். 1963 நவம்பரில் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பினதுக்கும் காரணம், அந்த ஊர் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்ததுதான். அங்கே தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகல் நேரத்தில், கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் வானத்திலேயே ஓடுது.

புதுக்கோட்டையில் சாய்வு சில டிகிரிதான். புலத்தின் வலிமை சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது ஒரு டெஸ்லாவில் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு. திசை ஏறக்குறைய வடக்கு.

இப்ப ஒரு கற்பனைக் கணக்கு. திருமயத்திலிருந்து கீரனூர் நோக்கி, ஏறக்குறைய தெற்கு வடக்காக ஒரு கம்பியில் 100 ஆம்பியர் நேர்மின்னோட்டம் போகுது. கம்பியும் புலமும் கிட்டத்தட்ட ஒரே திசை. தீட்டா சுழியத்துக்குப் பக்கம், சைன் தீட்டாவும் அப்படியே. விசையின் பெரும்பகுதி காணாமல் போயிடும். 

அதே கம்பியைப் புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே ஆலங்குடிக்குத் திருப்புங்க. தீட்டா 90 டிகிரி ஆயிடும். ஒரு மீட்டருக்கு விசை 40 மைக்ரோடெஸ்லா பெருக்கல் 100 ஆம்பியர், 0.004 நியூட்டன். அதாவது 0.4 கிராம் எடை. மூணு மீட்டர் கம்பிக்கு ஒரு அம்மன் காசு. திசை என்ன? இடக்கையை எடுங்க. ஜான் ஆம்புரோஸ் ஃபிளமிங் மாணவர்களுக்காகச் சொல்லிக்கொடுத்த விதி. சுட்டுவிரல் புலம், வடக்கே. நடுவிரல் மின்னோட்டம், கிழக்கே. பெருவிரல் வானத்தைக் காட்டும். பூமி அந்தக் கம்பியை மேலே தூக்கப் பார்க்குது. ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு மின்னோட்டம் திரும்பினால், கீழே அழுத்தும்.

நிஜத்தில் நம்ம ஊர்க் கம்பியில் ஓடுவது மாறுமின்னோட்டம். வினாடிக்கு 50 சுற்று. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. சராசரி சுழியம். கம்பியின் சொந்த எடைக்கு முன்னால் இது ஒண்ணுமே இல்ல. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

1948: காசு செல்லாமல் போன வருஷம், ஆம்பியர் பிறந்த வருஷம்

1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அம்மன் காசின் ஆட்சி முடிந்தது. அதே வருஷம் பாரிஸில் கூடிய எடை அளவைகளின் பொது மாநாடு இன்னொரு செலாவணியை உலகம் முழுமைக்கும் உறுதி செய்தது. ஆம்பியர் என்ற அலகுக்குப் புது வரையறை. அந்தப் பெயர் 1881லேயே வைக்கப்பட்டதுதான். ஆனா ஒரு ஆம்பியர் என்பது எவ்வளவு?

வரையறை இது: முடிவில்லாத நீளமுள்ள இரண்டு மெல்லிய கம்பிகள். வெற்றிடத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கோடி நியூட்டனில்... இல்ல, இதை நிதானமாகச் சொல்லணும். ஒரு நியூட்டனை ஒரு கோடிப் பங்கா பிரிச்சு, அதில் இரண்டு பங்கு விசை இருந்தால், அந்தக் கம்பிகளில் ஓடுவது ஒரு ஆம்பியர். நம்ம எடைக்கல்லில் சொன்னா, ஒரு அம்மன் காசை ஏறத்தாழ அறுபதாயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டின் எடை. 1820இல் ஆம்பியர் காட்டின அதே இழுப்புத்தான். 128 வருஷம் கழிச்சு அவர் பெயருக்கே இலக்கணம் ஆச்சு.

முடிவில்லாத கம்பியை யார் கட்டுவது? ஆய்வகங்களில் மின்னோட்டத் தராசு வைத்திருந்தார்கள். தராசின் ஒரு பக்கம் ஒரு கம்பிச்சுருள் தொங்கும், அதைச் சுற்றி அசையாத சுருள்கள். மின்னோட்டம் பாய்ந்ததும் ஒரு பக்கம் இறங்கும். மறுபக்கம் எடைக்கல் வைத்துச் சமன் செய்வார்கள். எடையை வைத்து மின்னோட்டத்தை அளந்த காலம் அது.

அப்புறம் கதை தலைகீழாச்சு. 1975இல் இங்கிலாந்தில் பிரையன் கிப்பிள் ஒரு தராசை யோசித்தார். காந்தப்புலத்தில் ஒரு சுருள். மின்னோட்டத்தை விட்டு எடையைத் தாங்க வை. அதன்பிறகு மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு, அதே சுருளைத் தெரிந்த வேகத்தில் நகர்த்தி, அதில் உண்டாகும் மின்னழுத்தத்தை அள. இரண்டு கணக்கிலும் பி பெருக்கல் எல் ஒன்றே. அதனால் அதை அளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அது அடிபட்டுப் போகும். ஆம்பியரின் அதே தந்திரம்! கஷ்டமானதை அளக்காதே, அடிபட வை. 

2019 மே 20 முதல் கிலோகிராமுக்குப் பாரிஸ் அருகே பூட்டி வைத்த உலோக உருளை அளவுகோல் இல்லை. பிளாங்க் மாறிலியை நிலையாக வைத்து, இந்த மாதிரித் தராசுகளின் உதவியோடு கிலோவைப் பெறுகிறார்கள். ஆம்பியரும் கம்பிகளின் இழுப்பை விட்டுவிட்டு, எலெக்ட்ரானின் மின்னூட்ட அளவுக்கு மாறிவிட்டது. ஒரு காலத்தில் எடைக்கல் மின்னோட்டத்தைச் சொன்னது. இப்போது மின்னோட்டம் பாயும் கம்பி எடைக்கல்லையே சொல்கிறது.

கிணத்துக்குள் இருக்கும் சூத்திரம்

சரி, இவ்வளவு நுண்ணிய விசையால் யாருக்கு என்ன லாபம்? புதுக்கோட்டையில் கேட்டா, தண்ணீர்னு பதில் வரும்.

இந்த மாவட்டம் கண்மாய் குளங்களை நம்பி வாழ்ந்தது. வருஷம் முழுக்கத் தண்ணி ஓடும் பெரிய ஆறு இல்லாத பகுதி. கிணத்துத் தண்ணியை ஏற்றத்தாலும், மாடு பூட்டின கவலையாலும் இறைத்தார்கள். பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்த பிறகு, மேற்கே கோவைப் பக்கம் மின்மோட்டார் கிணத்தடிக்கு வந்தது. இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது 1937இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கியது. இன்று தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பூவும் பலாவும் தென்னையும் நிற்பது ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை நம்பித்தான்.

மோட்டாருக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார். உள்ளே சுழலும் பாகத்தில், அணில் கூண்டு மாதிரி, ஓரத்தில் 18 கம்பிகள் இருப்பதாக வச்சுக்குவோம். ஒவ்வொண்ணும் 20 சென்டிமீட்டர். இரும்புக்கு நடுவிலுள்ள புலம் சராசரி அரை டெஸ்லா. புதுக்கோட்டை வானவெளியில் இருப்பதைவிடப் பன்னிரண்டாயிரம் மடங்கு அதிகம்! கம்பி ஒவ்வொண்ணிலும் தூண்டப்படுகிற மின்னோட்டம் 200 ஆம்பியர். அரை பெருக்கல் 200 பெருக்கல் 0.2. ஒரு கம்பிக்கு 20 நியூட்டன், 18 கம்பிக்கு 360 நியூட்டன்.

இது சரியான்னு வேறு வழியில் பார்க்கலாம். 5 எச்.பி. என்பது சுமார் 3,730 வாட். நிமிஷத்துக்கு 2,880 சுற்று. சுழலும் பாகத்தின் ஆரம் மூன்றரை சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஓரத்தில் விழும் விசை 353 நியூட்டன், 36 கிலோ எடை. இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிக்குது. முப்பதாயிரம் அம்மன் காசைத் தூக்குகிற தள்ளு. ஒரு நுணுக்கம்: கம்பிகள் இரும்புப் பள்ளத்துக்குள் பதிந்திருப்பதால், தள்ளின் பெரும்பகுதி கம்பி மேல் நேராக விழாமல் இரும்புப் பற்கள் மேல் விழும். மொத்தக் கணக்கு மாறாது, ஆனா கம்பி பிய்ந்து வராமல் இருப்பது அதனால்தான்.

'வோல்டேஜ் இல்ல, மோட்டார் தூக்கல' என்று தோட்டத்தில் சொல்வதற்கும் காரணம் இதே பெருக்கல்தான். மின்னழுத்தம் குறைந்தால் புலமும் குறையும், அந்தப் புலத்தால் தூண்டப்படும் மின்னோட்டமும் குறையும். பி, ஐ இரண்டும் சேர்ந்து அடிவாங்கும். மின்னழுத்தம் நூறிலிருந்து எண்பதாக இறங்கினால் விசை எண்பதாக நிற்காது. எண்பது பெருக்கல் எண்பது, அதாவது நூற்றுக்கு 64 ஆகிடும். சுமை மட்டும் அப்படியே இருக்கும். ஈடுகட்ட மோட்டார் வேகம் குறைந்து, அதிக மின்னோட்டத்தை இழுக்கும். சூடேறும். காயில் கருகும். அடுத்த நாள் மோட்டாரை மேலே ஏத்தி, ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோய், பயிர் வாடுவதைப் பார்த்துக்கிட்டு நிக்கணும்.

சூத்திரம் தராத ஒன்று

மோட்டாரின் விசையை நாம் கணக்கிட முடியும். ஆனா தண்ணி எவ்வளவு ஆழத்தில் இருக்கு என்பது பி ஐ எல்லில் கிடையாது. அதே 5 எச்.பி.யை எந்த இழப்பும் இல்லாத மோட்டாராக நினைச்சுக்கோங்க. 30 மீட்டர், அதாவது சுமார் நூறு அடியிலிருந்து தூக்கினால் வினாடிக்கு 12 லிட்டருக்கு மேல் வரும். 150 மீட்டர், ஐந்நூறு அடிக்குப் போனால் வெறும் இரண்டரை லிட்டர். கம்பி மேல் விசை அதேதான். கரன்ட் செலவும் அதேதான். வாய்க்காலில் வரும் தண்ணிதான் ஐந்தில் ஒன்று. மின்சாரம் விவசாயிக்கு இலவசமாக இருக்கலாம். ஆழத்துக்கான விலையை நிலத்தடி நீர் கொடுத்துக்கிட்டு இருக்கு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னையும் பலாவும் சாய்ந்தன, கூடவே ஆயிரக்கணக்கான மின்கம்பங்களும். பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நிலத்துக்கடியில் தண்ணி இருந்தது. மோட்டார் இருந்தது, செம்பு இருந்தது, இரும்பு இருந்தது. ஐ மட்டும் சுழியம். பெருக்கலில் ஒண்ணு சுழியம் ஆனா எல்லாமே சுழியம். குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்ப வாடகைக்கு ஜெனரேட்டர் தேடி ஓடினாங்க. கையால் இறைக்க முடியாத ஆழத்துக்குத் தண்ணி போயிருந்ததால்தான் அந்த ஓட்டம்.

அந்த மாவட்டத்துக் கண்மாயில் நிக்கிற தண்ணியை எடுக்க மின்னோட்டம் வேண்டாம். மடையைத் திறந்தா போதும், பூமியின் ஈர்ப்பே வயலுக்குக் கொண்டுபோகும். கண்மாய் நிறைஞ்சா சுத்துப்பட்டுக் கிணத்திலும் மட்டம் ஏறும். அப்ப மோட்டாரில் இருக்கிற அதே 360 நியூட்டன், ஐந்நூறு அடிக்குப் பதிலா நூறு அடியிலிருந்து தண்ணியைத் தூக்கும். ஆம்பியரும் ஃபாரடேவும் விசைக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. ஆழத்துக்கான கணக்கு இன்னும் ஊர் கையில்தான் இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.